அமெரிக்கக் குற்ற வழக்கு ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்வது எப்படி?

அமெரிக்காவில் யாரோ ஒருவர் கைது, இத்தனை பிரிவுகளில் வழக்கு, அதிகபட்சம் இத்தனை ஆண்டு சிறை என்று செய்தி வரும். சில மாதம் கழித்து அதே ஆள் கொஞ்ச நாள் சிறையோடு வெளியே வந்துவிட்டார் என்று இன்னொரு செய்தி வரும். 'காசு விளையாடிவிட்டது' என்று சொல்லிவிட்டு நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போவோம். காசு விளையாடுவது உண்டுதான். ஆனால் அந்த இரண்டு செய்திக்கும் நடுவில் நடந்ததைப் பெரும்பாலும் சட்டத்தின் சில அடிப்படைக் கருத்துகளைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

சட்டம் படிக்கத் தொடங்குகிறவர்கள், வழக்குச் செய்திகளைத் தமிழில் எழுதுகிறவர்கள், அங்கே குடியேறியவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இந்த வரிசையைத் தந்திருக்கிறேன். உங்கள் மீதோ உறவினர் மீதோ வழக்கு இருந்தால் இதை மூடிவைத்துவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

முதலில், வழக்கைப் போட்டது யார்?

நாடு முழுக்க ஒரே தண்டனைச் சட்டம் என்று பழகியவர்கள் இங்கேதான் முதலில் தடுமாறுவார்கள். அமெரிக்காவில் 50 மாநிலங்களுக்கும் தனித்தனிக் குற்றச் சட்டம் இருக்கிறது. தலைநகர் வாஷிங்டனுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே கூட்டாட்சி அரசுக்கு ஒன்று. கொலை, திருட்டு, அடிதடி எல்லாம் பெரும்பாலும் மாநிலத்தின் பாடு. வருமான வரி ஏய்ப்பு, குடியேற்ற மோசடி, மாநில எல்லை தாண்டும் குற்றங்கள் போன்றவை கூட்டாட்சியின் கைக்குப் போகும். 'அமெரிக்காவில் இதற்கு என்ன தண்டனை?' என்று யாராவது கேட்டால், 'எந்த மாநிலத்தில்?' என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில்.

வழக்கின் பெயரைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 'யுனைடெட் ஸ்டேட்ஸ் எதிர் இன்னார்' என்றால் கூட்டாட்சி வழக்கு. கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 'பீப்பிள் எதிர் இன்னார்' என்று இருக்கும், பென்சில்வேனியாவில் 'காமன்வெல்த்', பல இடங்களில் வெறும் 'ஸ்டேட்'. மாநில வழக்கைப் பெரும்பாலும் நடத்துகிறவர் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி. இந்தப் பதவிக்குப் பல மாநிலங்களில் தேர்தல் நடக்கும், சுவரொட்டியும் விளம்பரமும் உண்டு. கூட்டாட்சி வழக்கை நடத்தும் யு.எஸ். அட்டர்னியை நியமிப்பவர் அதிபர்.

இதனால் என்ன ஆகும் என்றால், ஒரே செயலுக்கு இரண்டு அரசுகளும் தனித்தனியே வழக்குப் போடலாம். ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ்காரர்களை 1992இல் மாநில ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) தண்டிக்கவில்லை. நகரம் பற்றி எரிந்தது. அடுத்த ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களில் இரண்டு பேருக்கு 30 மாதச் சிறை கொடுத்தது. ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் சொல்கிறதே என்றால், இரண்டும் தனித்தனி இறையாண்மை, ஆகவே இரண்டு குற்றம் என்பது உச்ச நீதிமன்றத்தின் பதில். 2019இல் கேம்பிள் வழக்கிலும் அதையே மறுபடி சொன்னது. எனக்கு இந்தத் தர்க்கம் முழுசாக ஒப்பவில்லை, ஆனால் சட்டம் இதுதான். அதிபர் கொடுக்கும் மன்னிப்பு மாநிலக் குற்றத்தைத் தொடாது என்பதற்கும் காரணம் இதுவே.

பாடப் புத்தகங்களில் 'மாடல் பீனல் கோட்' என்று அடிக்கடி வரும். அமெரிக்கன் லா இன்ஸ்டிட்யூட் 1962இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் அது. எந்த நீதிமன்றத்தையும் அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. மாநிலங்கள் பல தங்களுக்குப் பிடித்த பகுதிகளை எடுத்துக்கொண்டன, அவ்வளவுதான். ஆனாலும் அதன் சொற்கள் எல்லா இடத்திலும் புழங்குகின்றன.

அப்புறம், பிரிவின் வாசகத்தை எடுத்துத் துண்டுகளாக உடையுங்கள்

என்னைக் கேட்டால் இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். குற்றத்தின் பெயரை நம்பாதீர்கள், வாசகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு குற்றமும் சில கூறுகளால் ஆனது. அவை எல்லாவற்றையும் அரசு தனித்தனியே நிரூபிக்க வேண்டும். ஒன்று விழுந்தாலும் அந்தக் குற்றச்சாட்டே விழும்.

பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் பர்க்ளரி (வீடு புகும் குற்றம்) எப்படி இருந்தது என்று பாருங்கள்: உடைத்து, உள்ளே நுழைவது, இன்னொருவரின், குடியிருக்கும் வீட்டுக்குள், இரவில், உள்ளே ஒரு ஃபெலனி (கடுங்குற்றம்) செய்யும் நோக்கத்தோடு. ஆறு துண்டு. இதில் 'திருடினான்' என்ற துண்டே இல்லை. நோக்கத்தோடு ஜன்னலை உடைத்து உள்ளே கால் வைத்த நொடியில் குற்றம் முடிந்தது; வீட்டில் ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினாலும் பர்க்ளரிதான். பட்டப்பகலில் அதையே செய்திருந்தால் பழைய சட்டப்படி பர்க்ளரி இல்லை. இன்றைய மாநிலச் சட்டங்கள் பெரும்பாலும் இரவு, உடைப்பு இரண்டையும் கைவிட்டுவிட்டன. எந்த மாநிலம் எதைக் கைவிட்டது என்பதைத்தான் வாசகத்தில் தேட வேண்டும்.

ஒரு குறுக்குவழி சொல்கிறேன். சட்டப் பிரிவு கரடுமுரடாக இருந்தால், அந்த மாநிலத்தின் மாதிரி ஜூரி அறிவுரைகளைத் தேடுங்கள். சட்டம் படிக்காத பொதுமக்களுக்கு நீதிபதி வாசித்துக் காட்டுவதற்காக எழுதப்பட்டவை அவை. கலிஃபோர்னியாவில் அதற்கு கால்கிரிம் என்று பெயர், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 'குற்றவாளி என்று முடிவு செய்ய அரசு நிரூபிக்க வேண்டியவை' என்று 1, 2, 3 போட்டே கொடுத்திருப்பார்கள். சட்ட மாணவர்கள் பலருக்கே இது தாமதமாகத்தான் தெரியவருகிறது.

வாசகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு யேட்ஸ் வழக்கைப் போல ஒன்று கிடையாது. 2007இல் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு மீன்பிடிப் படகில் அதிகாரி ஏறிச் சோதித்தார். அப்போது பிடிக்கலாம் என்ற அளவு 20 அங்குலம். அதற்கும் குட்டையாக 72 சிவப்பு குரூப்பர் மீன்கள் இருந்தன. தனிப் பெட்டிகளில் போட்டு கரையில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டுப் போனார். கரையில் மறுபடி அளந்தபோது மீன்கள் வளர்ந்திருந்தன! குட்டை மீன்களைக் கடலில் வீசிவிட்டு வேறு மீன்களை வைக்கும்படி படகின் தலைவர் யேட்ஸ் சொன்னதாக மாலுமி ஒருவர் பின்னர் ஒப்புக்கொண்டார். அரசு எடுத்த சட்டம் எது தெரியுமா? என்ரான் என்ற நிறுவனத்தின் கணக்கு ஊழலுக்குப் பிறகு 2002இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம். விசாரணையைத் தடுக்க 'பதிவேடு, ஆவணம் அல்லது தொட்டுணரக்கூடிய பொருள்' எதையும் அழித்தால் 20 ஆண்டு வரை சிறை என்கிறது அதன் ஒரு பிரிவு. மீன் தொட்டுணரக்கூடிய பொருள்தானே என்றது அரசு. 2015இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் இல்லை என்றது: பதிவேடு, ஆவணம் என்ற சொற்களோடு சேர்ந்து நிற்கும்போது அது தகவலைப் பதிந்துவைக்கும் பொருளைத்தான் குறிக்கும், மீன் அதில் சேராது.

அந்தத் தீர்ப்பு துணைக்கு அழைத்த விதிகளில் ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றச் சட்டத்தின் வாசகம் இருபொருள் தந்தால், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. இதற்கு ரூல் ஆஃப் லெனிட்டி என்று பெயர். இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. செய்தபோது குற்றமாக இல்லாததை, பின்னால் சட்டம் போட்டுக் குற்றமாக்க முடியாது. சாதாரண மனிதருக்கு எது தடை என்றே புரியாதபடி எழுதிய சட்டம் செல்லாது. 1972இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்து 'நாடோடித்தனச்' சட்டம் இப்படித்தான் போனது.

மூன்றாவது, அவர் செய்தது என்ன?

எண்ணத்துக்கு மட்டும் தண்டனை இல்லை, தானாக விரும்பிச் செய்த ஒரு செயல் வேண்டும். அலபாமாவில் 1944இல் ஒரு வழக்கு: வீட்டில் இருந்த ஒருவரைப் போலீஸ் கைது செய்து நெடுஞ்சாலைக்குக் கூட்டிப்போனது. அங்கே அவர் குடிபோதையில் கத்தினார் என்று, பொது இடத்தில் குடித்துக் கூச்சல் போட்டதாக வழக்கு. பொது இடத்துக்கு அவர் தானாக வரவில்லையே என்று மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. அதே போல, போதைக்கு அடிமையாக இருக்கும் நிலையை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று 1962இல் ராபின்சன் வழக்கு சொன்னது. போதைப்பொருளை வைத்திருப்பது, விற்பது எல்லாம் வேறு, அவை செயல்கள்.

சும்மா நின்று வேடிக்கை பார்த்தால்? பொதுவாகக் குற்றம் இல்லை. கண்ணெதிரே ஒரு குழந்தை குளத்தில் மூழ்கினாலும் அந்நியர் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இல்லை. கேட்கவே ஒரு மாதிரி இருக்கும், ஆனால் அப்படித்தான். வெர்மான்ட் போன்ற சில மாநிலங்கள் மட்டும் உதவும் கடமையைச் சட்டமாக்கியுள்ளன. பெற்றோர், ஒப்பந்தப்படி பார்த்துக்கொள்பவர், உதவத் தொடங்கி மற்றவர்கள் வராதபடி செய்தவர் போன்றோருக்குக் கடமை உண்டு. அவர்கள் சும்மா இருந்தால் அதுவே செயலுக்குச் சமம்.

நான்காவது, மனதில் என்ன இருந்தது?

பெரும்பாலான வழக்குகளின் உயிர்நாடி இது. மாடல் பீனல் கோட் நான்கு படிகள் வைக்கிறது. நான்காவது மாடியில் இருந்து ஒருவர் பூந்தொட்டியைத் தள்ளுகிறார், கீழே போனவர் இறந்துவிடுகிறார். அவரைக் கொல்லவே தள்ளினால் நோக்கம். அவர் சாக வேண்டும் என்ற ஆசை இல்லை, ஆனால் நேர் கீழே நிற்பவர் தலையில் விழும் என்று தெரிந்தே தள்ளினால் அறிந்து செய்தது. கீழே ஆள் நடமாட்டம் இருக்கும் என்ற ஆபத்து தெரிந்தும் எட்டிப் பார்க்காமல், ஆனது ஆகட்டும் என்று தள்ளினால் பொறுப்பற்ற துணிச்சல். அந்த ஆபத்தே அவர் மனதில் தோன்றவில்லை, ஆனால் நிதானமுள்ள எவருக்கும் தோன்றியிருக்கும் என்றால் கவனக்குறைவு. ஒரே தொட்டி, ஒரே சாவு. மனதைப் பொறுத்து ஆயுள் தண்டனையும் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம்.

இதில் படிக்க வேண்டிய வழக்கு மோரிசெட், 1952. மிச்சிகனில் விமானப் படை குண்டு போட்டுப் பழகும் காட்டுப் பகுதிக்கு ஒருவர் மான் வேட்டைக்குப் போனார். மான் அகப்படவில்லை. பழைய குண்டு உறைகள் ஆண்டுக்கணக்கில் குவிந்து துருப்பிடித்துக் கிடந்தன. வேட்டைச் செலவையாவது எடுத்துவிடலாம் என்று மூன்று டன் அள்ளி, நசுக்கி, பழைய இரும்புக்கு 84 டாலருக்கு விற்றார். எல்லாம் பகல் வெளிச்சத்தில், ஆட்கள் பார்க்க. அரசுச் சொத்தை 'அறிந்தே' எடுத்தார் என்று வழக்கு. வேண்டாம் என்று போட்டுவிட்டதாக நினைத்தேன் என்றார் அவர். அந்த வாதத்தை ஜூரி முன் வைக்கவே விசாரணை நீதிபதி விடவில்லை: எடுப்பது தெரிந்துதானே எடுத்தாய், போதும் என்றார். உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. எடுக்கிறோம் என்று தெரிந்தால் போதாது, அது இன்னொருவர் உடைமையாக இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்றது.

ஆக, வாசகத்தில் 'அறிந்தே' என்ற சொல்லைப் பார்த்தால் உடனே கேளுங்கள்: எதை அறிந்து? எந்தத் துண்டு வரைக்கும்? வழக்காடுகிறவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போவது பல நேரம் இந்தக் கேள்விக்காகத்தான்.

மனநிலையே தேவைப்படாத குற்றங்களும் உண்டு. வேக வரம்பு மீறியதற்கு 'தெரியாது' என்பது பதில் ஆகாது. உணவு, மருந்து விஷயத்தில் இது இன்னும் கடுமை. பால்டிமோரில் ஒரு கடைத்தொடரின் கிடங்கில் எலி புகுந்ததற்கு, அந்த நிறுவனத்தின் தலைவர் மீதே வழக்குப் போட்டார்கள். 874 கடைகள், 36,000 ஊழியர்கள் கொண்ட நிறுவனம் அது. 1975இல் உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனையை உறுதி செய்தது. அபராதம் என்னவோ மொத்தம் 250 டாலர்தான்.

கூட்டாளி, சதி

இதை வேகமாகக் கடந்துவிடலாம், ஆனால் தாவிவிடக் கூடாது. செய்தியில் வரும் பெரிய எண்கள் பல இங்கிருந்துதான் பிறக்கின்றன. சதிக்குற்றம் என்பது குற்றம் செய்வோம் என்ற உடன்பாடு. பல சட்டங்கள் அதோடு ஒரு சின்ன வெளிப்படைச் செயலும் வேண்டும் என்று சொல்லும். குற்றம் நடக்காமலே சதிக்குத் தண்டனை உண்டு, நடந்துவிட்டால் பல இடங்களில் இரண்டுக்கும் உண்டு. 1946இல் பிங்கர்ட்டன் வழக்கில் இரண்டு சகோதரர்கள். ஒருவர் சிறையில் இருந்தபோது மற்றவர் செய்த வரிக் குற்றங்களுக்கும் சேர்த்து, சிறையில் இருந்தவருக்குத் தண்டனை நின்றது. கூட்டாளி செய்தது உன் கணக்கிலும் வரும் என்பதுதான் அதன் சாரம். மாநிலங்கள் பல இதை ஏற்கவில்லை, கூட்டாட்சி நீதிமன்றங்கள் இன்றும் பின்பற்றுகின்றன.

ஃபெலனி மர்டர் இன்னும் திகைக்க வைக்கும். கொள்ளை போன்ற கடுங்குற்றத்தின்போது யாராவது இறந்தால், கொல்லும் நோக்கம் இல்லாவிட்டாலும் அது கொலை. கலிஃபோர்னியாவில் 1969இல் முடிந்த வழக்கு ஒன்றில், கொள்ளையர்கள் போன சில நிமிடத்தில் இதய நோயாளியான கடை அதிபர் மாரடைப்பில் இறந்தார். கொள்ளையர்களுக்குக் கொலைத் தண்டனை. மிச்சிகன் நீதிமன்றம் 1980இல் இந்தக் கோட்பாட்டையே கைவிட்டது. கலிஃபோர்னியா 2018இல் சட்டம் கொண்டுவந்து இதைப் பெரிதும் குறுக்கியது.

ஐந்தாவது, என்ன தற்காப்பு வாதம்?

அரசு எல்லாத் துண்டையும் நிரூபித்த பிறகும் தப்பிக்கச் சில வழிகள் உண்டு. தன்னுயிர்க் காப்பில் பார்க்க வேண்டியவை: ஆபத்து உடனடியானதா, அப்படி நம்பியதில் நியாயம் இருக்கிறதா, பதிலடி அளவோடு இருந்ததா, ஒதுங்கிப் போகும் கடமை அந்த மாநிலத்தில் உண்டா. ஃபுளோரிடா 2005இல் அந்தக் கடமையைச் சட்டம் போட்டு நீக்கியது. வேறு பல மாநிலங்களும் அதே வழியில் போயின. நியூயார்க்கில், பாதுகாப்பாக விலகிப்போக முடியும் என்று தெரிந்தால், வீட்டுக்கு வெளியே உயிர்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது.

மனநிலைப் பிறழ்வு வாதம் சினிமாவில் வரும் அளவுக்கு நிஜத்தில் வருவதில்லை, வந்தாலும் அரிதாகவே வெல்லும். 1981இல் அதிபர் ரேகனைச் சுட்ட ஹிங்க்லி இந்த வாதத்தில் வென்றார், மக்கள் கொதித்தார்கள், 1984இல் கூட்டாட்சிச் சட்டம் மாறி, நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் ஏறியது. வென்றவரும் வீட்டுக்குப் போகவில்லை. 2016 வரை மனநல மருத்துவமனையில்தான் இருந்தார்.

சட்டம் தெரியாது என்பது தற்காப்பு ஆகாது. விதிவிலக்குகள் குறைவு, வரிச் சட்டத்தில் மட்டும் கொஞ்சம் இடம் உண்டு.

ஆறாவது, நிரூபணம் எவ்வளவு?

நியாயமான சந்தேகத்துக்கு அப்பால். இது அரசியல் சட்டமே கோருவது என்று 1970இல் வின்ஷிப் வழக்கு உறுதி செய்தது. ஒரு பெண்ணின் பையில் இருந்து 112 டாலர் எடுத்ததாகச் சொல்லப்பட்ட 12 வயதுப் பையனின் வழக்கு அது. சிவில் வழக்கில் தராசு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தாலே போதும். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் 1995இல் கொலை வழக்கில் விடுதலையாகி, 1997இல் அதே சாவுகளுக்காகச் சிவில் வழக்கில் தோற்றது இதனால்தான். இரண்டு தீர்ப்பும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

ஜூரி ஒருமனதாக முடிவு செய்ய வேண்டும். லூசியானாவும் ஆரெகனும் 10 பேர் போதும் என்று வைத்திருந்ததை 2020இல் ராமோஸ் வழக்கு முடித்துவைத்தது. கைதானவரிடம் 'நீ பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்' என்று போலீஸ் சொல்லும் மிராண்டா எச்சரிக்கை பற்றி ஒரு வார்த்தை: போலீஸ் அதைச் சொல்லாவிட்டால் வழக்கே செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. காவலில் வைத்துக் கேட்டபோது அவர் சொன்ன வாக்குமூலத்தைத்தான் அரசு தன் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. வேறு சாட்சியம் இருந்தால் வழக்கு நடக்கும்.

கடைசியாக, பேரம்

மேலே சொன்ன ஜூரி, சாட்சி, வாதம் எல்லாம் சிறுபான்மை வழக்குகளின் கதை. கூட்டாட்சித் தண்டனைகளில் சுமார் 97 விழுக்காடும் மாநிலத் தண்டனைகளில் சுமார் 94 விழுக்காடும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வருபவை என்று உச்ச நீதிமன்றமே 2012இல் எழுதியது. பிளீ பார்கெய்ன் என்பார்கள். கென்டக்கியில் 88.30 டாலருக்குப் போலிக் காசோலை கொடுத்த ஒருவரிடம், ஒப்புக்கொள், 5 ஆண்டு கேட்கிறேன்; மறுத்தால் பழைய குற்றங்களைச் சேர்த்து ஆயுள் தண்டனைக்குப் போவேன் என்றார் அரசு வக்கீல். அவர் மறுத்தார். ஆயுள் கிடைத்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் இதில் தவறில்லை என்றது. கூறுகள், மனநிலை என்று நாம் பார்த்ததெல்லாம் வீண் இல்லை. பேர மேசையில் யாருக்குப் பலம் என்பதைத் தீர்மானிப்பவை அவைதான்.

'அதிகபட்சம் 20 ஆண்டு' என்ற தலைப்பைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது சட்டத்தின் உச்சவரம்பு. மீன் வழக்கில் விசாரணை நீதிமன்றம் உண்மையில் கொடுத்தது 30 நாள்.

குடியுரிமை பெறாதவர்கள் கவனிக்க வேண்டிய எண் வேறு. கிரீன் கார்டு இருந்தாலும் சில தண்டனைகள் நாடு கடத்தலில் கொண்டுபோய் விடும். அதை வக்கீல் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று 2010இல் படில்யா வழக்கு தீர்த்தது. 40 ஆண்டுகளாக அமெரிக்காவில் வாழ்ந்த, வியட்நாம் போரில் அந்த நாட்டுக்காகப் பணியாற்றிய ஒருவருக்கு, ஒப்புக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று வக்கீல் சொன்னதால் வந்த வழக்கு. குடியேற்றச் சட்டம் தன் கணக்கைத் தனியாகப் போடும்: திருட்டுக்கு ஓராண்டு தண்டனை விதித்தால், அதை நிறுத்திவைத்து ஒரு நாள்கூட உள்ளே போகாவிட்டாலும், அது நாடு கடத்தலுக்கு வழிவகுக்கும் 'மோசமான ஃபெலனி' வகையில் சேரும். மாநிலச் சட்டம் அதைச் சின்னக் குற்றம் என்று வைத்திருந்தாலும் அப்படித்தான். அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல்கள் 365 நாளுக்குப் பதில் 364 நாள் கேட்டுப் பேரம் பேசுகிறார்கள். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் சிறு குற்றங்களுக்கான உச்சவரம்பையே 364 நாளாகக் குறைத்துவிட்டன. உங்களுக்கு இப்படி ஒரு நிலை வந்தால், எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் குற்ற வழக்கு வக்கீலிடம் மட்டும் கேட்டால் போதாது. குடியேற்ற வக்கீல் ஒருவரிடமும் அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள்.